பொன்னுத்தாயியின் மடிப்பிச்சை

தண்டபாணிக்கு அம்மா எழுதுவது.

நேற்று காலை முதல் பஸ்ஸில் நீ திண்டுக்கல்லுக்கு இறங்கிப் போனதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நாயுடுபுரம் முழுக்க மூடுபனி. துவைத்த துணி கொடியில் ஈரமாகவே தொங்குகிறது. நீ ஆசையாகக் கேட்டாயே என்று வைத்த மலைப்பூண்டுக் குழம்பு பாதிச் சட்டி மிச்சம் இருக்கிறது, அதைச் சுடவைத்துச் சாப்பிடக்கூட மனம் வரவில்லை. நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் எப்படிச் சொல்வேன்? அதுவுமில்லாமல் எனக்குக் கோபம் வந்தால் எப்படி என்று உனக்குத் தெரியும். பாதியை உன்னிடம் சொல்வேன், மீதியைப் பாத்திரங்களிடம் சொல்வேன். கம்பளி பின்னும் கூடத்தில் டீச்சரம்மா கற்றுக்கொடுத்த எழுத்து இருக்கிறது. வாரப் பத்திரிகைகளை இத்தனை வருடம் விடாமல் படித்ததில் நாலு வார்த்தை கோவையாக எழுதவும் வருகிறது. அதனால் எழுதுகிறேன். நாளைக் காலை கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினால் மதியத்துக்குள் உன் கைக்கு வந்துவிடும். திங்கட்கிழமை நீ கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை முழுவதும் படித்துவிட வேண்டும்.

தருமபுரிக்கு மாற்றல் வந்ததைச் சொல்லத்தான் வந்தாய். அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். இலையில் கையை வைத்துக்கொண்டு, ஊர்க்கதை சொல்வது போலச் சொன்னாய். “மாரிமுத்துன்னு ஒருத்தன்மா. பிச்சைக்காரர் விடுதியில இருந்து எடுத்துப் பூட்டுப் பட்டறையில சேத்துவிட்டது. அவன் கூலிக்கு கவர்மெண்ட் மானியம் குடுக்குது. இன்னும் கொஞ்ச நாள் ஒழுங்கா இருந்திருந்தா பட்டறையில நிரந்தரம் ஆகியிருக்கும். பங்குனி உத்திரத்துக்கு லீவு கேட்டுட்டுப் போயிருக்கான். போனவன் பழனி அடிவாரத்துல துண்ட ஏந்திக்கிட்டு நிக்கிறான். நானே பாத்தேன்.” அவனிடம் கேட்டாயா என்றேன். “கேட்டேன். மடிப்பிச்சைங்கிறான். எல்லாப் பயலும் அதத்தான் சொல்றான். மடிப்பிச்சை எடுக்க ஒரு வீடு வாசல் வேணும்மா. இவனே பிச்சைக்காரன், இவன் என்ன மடிப்பிச்சை எடுக்கிறது? திங்கக்கெழம அவன் பேர அடிச்சிட்டுத்தான் தருமபுரிக்குக் கெளம்பணும்.” அதைச் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாய். போட்டேன்.

இந்தப் பேச்சை நான் முன்பே ஒரு முறை கேட்டிருக்கிறேன், தண்டபாணி. அதே அடிவாரத்தில்தான். சொன்னவரும் உன்னைப் போல ஒரு நல்ல ஆபீசர்தான். அன்றைக்கு உனக்கு ஐந்து வயது முடியவில்லை. என் இடுப்பில் உட்கார்ந்து ஒரு ஓலைக் காற்றாடியைச் சப்பிக்கொண்டிருந்தாய்.

நாம் கொஞ்ச காலம் பழனியில் இருந்தோம் என்பது உனக்குத் தெரியும். எப்படி இருந்தோம் என்பதை நான் சொன்னதில்லை. ஆயக்குடியில் கொய்யாத் தோப்பில் காவலுக்கு இருந்த உன் அப்பா காய்ச்சலில் படுத்தார், ஒரே வாரத்தில் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாளே உன் பெரியப்பா வீட்டில் உலை வைக்கும்போது எனக்கும் உனக்கும் சேர்த்து அரிசி போடவில்லை. ஒருவரும் வாயைத் திறந்து போ என்று சொல்லவில்லை, அரிசிதான் சொன்னது. பழனிக்கு நடந்து வந்தேன். பூக்கட்டிப் பிழைத்தேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன் இல்லையா? கட்டவில்லை. ஏந்தினேன். கிரிவீதியில் பக்தர்கள் படியேறும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வரிசை உட்கார்ந்திருக்கும், அந்த வரிசையில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் எந்தக் கூட்டத்தில் எந்த ஊர்க்காரர்கள் தாராளமாகப் போடுவார்கள் என்பதெல்லாம் பழகிவிட்டது. உனக்கு வேறொன்று நினைவிருக்கலாம். கொடைக்கானலுக்கு வந்த பிறகு, ஏரிக்கரையில் ஒரு வெள்ளைக்காரம்மா பிஸ்கட் நீட்டினாள், நீ இரண்டு கையையும் சேர்த்துக் குழியாக்கி வாங்கினாய். உன்னை வீடுவரை அடித்துக்கொண்டே வந்தேன். எதற்கு அடித்தேன் என்று நீ பெரியவனான பிறகும் கேட்டதில்லை. பிஸ்கட் வாங்கியதற்கு இல்லை ராசா, கையை அப்படிக் குழியாக்க நீ எங்கே படித்தாய் என்று எனக்குத் தெரியும், அதற்குத்தான். அடித்தது தப்பு. உன் கை என்ன செய்யும், அது பார்த்ததைச் செய்தது.

பொன்னுத்தாயி அந்த வரிசையில்தான் எனக்குக் கிடைத்தாள். என்னைவிட இளையவள். மேல்மலையில் பூண்டு விவசாயம் செய்கிற குடும்பத்துப் பெண். புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிவந்ததும், ஒரே மகள் செல்லத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மலையை விட்டு இறங்கிவிட்டாள். அடுக்கம் வழியாகப் பெரியகுளத்துக்கு நடந்து, அங்கிருந்து எப்படியோ பழனி வந்து சேர்ந்தவள். சமவெளி வெயில் அவளுக்கு ஆகவே ஆகாது. “ஏக்கா, இந்த ஊர்ல காத்தக் கூட காய்ச்சித்தான் விடுவாங்களா?” என்பாள். அந்த நிலையிலும் அவளால் சிரிக்கவைக்க முடிந்தது. ஒருநாள் போலீஸ்காரர்களும் ஆபீசர்களும் வந்து வரிசையை லாரியில் ஏற்றினார்கள். நாங்கள் அழுது புரண்டோம். கொண்டுபோன இடம் ஜெயில் இல்லை, ஆதரவற்ற பெண்களுக்கான விடுதி. சோறு போட்டார்கள். அங்கேதான் அந்த ஆபீசர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். விடுதிச் சோற்றை ஆயுள் முழுவதும் சாப்பிட முடியாது, கொடைக்கானலில் கம்பளி உடுப்பு பின்னுகிற கூடம் ஒன்று இருக்கிறது, அங்கே சேர்த்துவிடுகிறோம், வேலை பழகும் ஒரு வருடத்துக்கு உங்கள் கூலியை அரசாங்கம் மானியமாகக் கூடத்துக்குக் கொடுக்கும், வருடம் முடிந்ததும் கூடம் உங்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தம். ஒரே ஒரு நிபந்தனை, மறுபடி யாரும் கையேந்தக் கூடாது. ஏந்தினால் மானியம் நிற்கும், வேலையும் போகும். எங்களில் யாருக்கும் அது நிபந்தனையாகவே தோன்றவில்லை. விட்டால் போதும் என்றுதானே இருந்தோம்.

பிள்ளைகளுக்கும் ஒரு விதி இருந்தது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தாய் கூட்டிப்போகலாம், அதற்கு மேற்பட்டது வேலை நிரந்தரமாகும்வரை குழந்தைகள் விடுதியில்தான் இருக்க வேண்டும். நீ சின்னவன், என்னோடு வந்தாய். செல்லத்துக்கு ஏழு வயது. பஸ் கிளம்பும்போது அந்தப் பிள்ளை அழவில்லை, தன் அம்மாவின் பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்த உன்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பார்வையை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

கூடத்தில் டீச்சரம்மா நல்லவர், கண்டிப்பானவர். “பொன்னு, லூஸாப் போடாதம்மா, டைட்டா, டைட்டா” என்று பின்னாலேயே நிற்பார். எனக்கு முதலில் விரல் வரவில்லை. குளிரில் மரத்துப்போய் ஊசி எது விரல் எது என்று தெரியாது. பொன்னுத்தாயிக்கு அது விளையாட்டாக வந்தது. பனி அவளுக்குச் சொந்த ஊர்ப் பனி. என் கண்ணிகள் நழுவினால் டீச்சரம்மா பார்ப்பதற்குள் வெரசாக எடுத்து மாட்டித் தருவாள். வேலை முடிந்து, வெட்டிப்போட்ட துண்டு நூல்களைக் கேட்டு வாங்கி, முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு, செல்லத்துக்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள். அதில் இல்லாத நிறம் இல்லை. “எம்மக போட்டு நடந்தா தேர் வர்ற மாதிரி இருக்கும், பாருக்கா” என்பாள். ஒவ்வொரு மாதமும் கூலி வாங்கும் நாளில், இன்னும் எத்தனை மாதம் என்று என்னைத்தான் கேட்பாள். அவளுக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும்.

வருடம் முடியப்போகிற சமயம், டீச்சரம்மா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, உங்களை வைத்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டது, ஆபீசர் தை மாதக் கடைசியில் வந்து பார்த்துவிட்டு எழுதிக்கொடுத்துவிடுவார் என்றார். பொன்னுத்தாயி அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டாள். அறைக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “அக்கா, நான் பழனியாண்டிட்ட வேண்டியிருக்கேன். சோலி நெலைக்கணும், எம்புள்ள எங்கைக்கு வரணும், அதுக்கு ஒம்மலைக்குக் கீழ மடிப்பிச்சை எடுத்து ஒன் உண்டியல்ல போடுறேன்னு.” எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஏட்டி, இருந்து இருந்து இதுதானா கெடச்சுது வேண்டிக்கிட? மொட்ட போடு, காவடி எடு. பிச்சையா எடுக்கணும்? இப்பத்தான விட்டுட்டு வந்தோம்?” என்றேன். அவள் சிரித்தாள். “அது பிச்சை. இது மடிப்பிச்சைக்கா.”

உனக்கு மடிப்பிச்சை என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. மிராசுதார் வீட்டுப் பெண்ணும் வேண்டுதல் என்றால் மஞ்சள் புடவை கட்டி, தலைக்கு ஊற்றிய ஈரத்தோடு, முந்தானையை ஏந்தி நாலு வாசலில் நிற்பாள். கிடைத்ததில் ஒரு மணியைத் தனக்கென்று எடுக்க மாட்டாள், அப்படியே சாமிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். அகங்காரத்தை விடுவதற்காக அதைச் செய்கிறார்கள் என்பார்கள். பொன்னுத்தாயியிடம் விடுவதற்கு அகங்காரம் எங்கே இருந்தது? அவள் கணக்கே வேறு. அடிவாரத்தில் அத்தனை நாள் அவள் ஏந்தியது தன் வயிற்றுக்கு. ஒரு முறை, ஒரே ஒரு முறை, தனக்கில்லாமல் ஏந்த வேண்டும். வேலை இருக்கிறவளாக, குடித்தனக்காரியாக, மற்றப் பெண்களைப் போல அதே தெருவில் நின்று ஏந்த வேண்டும். அப்போதுதான் தான் அந்த வரிசையிலிருந்து நிஜமாகவே எழுந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றும். அரசாங்கம் கொடுத்த வேலையை அவள் அந்த அளவுக்கு நம்பினாள், தண்டபாணி. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் எந்த வேண்டுதலும் வைக்கவில்லை. முருகன்மேல் எனக்கு அப்போது கோபம், அவன் வாசலில்தானே பட்டினி கிடந்தோம். இன்றைக்கும் அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை. உன் பேரைக்கூட உன் அப்பா வைத்தார், நான் இல்லை.

தைப்பூசத்துக்கு டீச்சரம்மா லீவு கொடுத்தார். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரரான அவருக்கு இந்த வேண்டுதல் எல்லாம் தெரியாது, சாமி கும்பிடப் போகிறார்கள் என்று நினைத்தார். உன்னைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு, வத்தலக்குண்டு, திண்டுக்கல் என்று பஸ் மாறி மாறிப் போனோம். பழனியில் எள் விழ இடமில்லை. காவடிகளுக்கு நடுவே புகுந்து சண்முகநதிக்குப் போய், அவள் முழுகி, மஞ்சள் புடவை கட்டிக்கொண்டாள். முதல் பிச்சை சொந்தக்காரர் கையால் விழ வேண்டும். செல்லம் விடுதியில் இருந்தாள். பொன்னுத்தாயி உன் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, மடியை விரித்து, “மருமகனே, போடுய்யா” என்றாள். நான் உன் கையில் ஒரு காலணாவைக் கொடுத்தேன். நீ அதை அவள் மடியில் போட்டுவிட்டு, கைதட்டிச் சிரித்தாய். அவளும் சிரித்தாள். அவ்வளவு அழகாக அவளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கிரிவீதியில் கடை கடையாகப் போனாள். அரிசியும் சில்லறையும் விழுந்துகொண்டே இருந்தன. பழைய வரிசையைக் கடக்கும்போது அங்கே இருந்தவர்கள் சிலர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார்கள். அவர்களில் ஒரு கிழவர்கூடத் தன் தகரத்திலிருந்து ஒரு காசு எடுத்து அவள் மடியில் போட்டார். அந்த நேரத்தில்தான் ஆபீசர் வந்தார். திருவிழாவில் கையேந்துகிறவர்களைப் பிடிக்க ஆட்களோடு வந்திருந்தார். அவரை நீ தப்பாக நினைக்காதே. எங்களை லாரியிலிருந்து கைகொடுத்து இறக்கியவர் அவர்தான். கொடைக்கானலுக்கு ஏற்றிவிட்டபோது உனக்குப் பன் வாங்கிக்கொடுத்தவரும் அவர்தான். பொன்னுத்தாயியைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது. “ஏம்மா, ஒனக்கு என்ன கொறச்சல் வச்சோம்? கூலி வரலையா? ஒங்களுக்காக நான் மேல எவ்வளவு பேச்சு வாங்கியிருப்பேன்?” என்றார். “ஐயா, இது எனக்கில்லீங்க, சாமிக்குங்க. மடிப்பிச்சைங்க” என்றாள். பயப்படவே இல்லை. சொன்னால் புரிந்துகொள்வார் என்று நம்பினாள். அவர் சொன்னார், “மடிப்பிச்சை வீடு வாசல் இருக்கிறவங்க எடுக்கிறது. பிச்சைக்காரி எடுத்தா அதுக்குப் பேரு பிச்சைதான்.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்தது என்று தெரியவில்லை. “ஏன்யா, போன வருசம் பாத்திரக் கடைக்கார வீட்டம்மா இதே தெருவுல ஏந்துனாங்களே, அவங்க மடியப் புடிச்சீங்களா? எங்க மடி மட்டும்தான் ஒங்க கண்ணுக்குத் தெரியுதா?” என்று கத்தினேன். கூட்டம் கூடிவிட்டது, சிலர் சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. “நீ யாரு பேச? ஒன் பேரையும் சேத்துக்கிடவா?” என்றார். சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மஞ்சள் பூசிய கையால் பொன்னுத்தாயி என் வாயைப் பொத்தினாள். “அக்கா, சும்மா இரு. பிள்ளைய இடுப்புல வச்சிருக்க.” அதற்குள் ஒரு பியூன் அவள் முந்தானையைப் பிடித்து உதறிவிட்டான். சில்லறையைப் பொறுக்கிச் சாட்சிக்கு என்று ஒரு துணியில் முடிந்துகொண்டான். அரிசி தெருவெல்லாம் சிதறியது. பொன்னுத்தாயி வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தரையில் தவழ்ந்து, காவடி எடுத்து ஆடிவருகிறவர்களின் கால்களுக்கு நடுவே அரிசியைக் கூட்டிக்கொண்டே, “சாமி அரிசிங்க, மிதிக்காதீங்க, சாமி அரிசிங்க” என்று ஒவ்வொரு காலாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நீ அழ ஆரம்பித்துவிட்டாய்.

அவள் பேரை அடித்துவிட்டார்கள். டீச்சரம்மா திண்டுக்கல்வரை போய்ப் பேசிப் பார்த்தார். ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் எல்லோருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும், மானியமே நின்றுபோகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த மாதக் கடைசியில் எனக்கு நிரந்தரம் என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்த வேலையில்தான் நீ படித்தாய், அந்த வேலையில்தான் இந்த வீடு வந்தது. பழனியிலிருந்து திரும்பி வராத பொன்னுத்தாயி பாதி பின்னிவைத்த ஸ்வெட்டர் அவள் பெட்டிக்குள் இருந்தது. துண்டு நூலானாலும் கூடத்துச் சரக்கு, ஆள் போய்விட்டால் பிரித்துச் சேர்த்துவிட வேண்டும் என்பது முறை. டீச்சரம்மாவே என் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தார். அவருக்கும் கண் கலங்கியது. முடிச்சு முடிச்சாக இருந்ததால் பிரிக்க ரொம்ப நேரம் ஆனது.

அதற்குப் பிறகு அவளை ஒரே ஒரு முறை பார்த்தேன். மறுவருடம் பழனிக்குப் போய்த் தேடினேன். பழைய வரிசையில் உட்கார்ந்திருந்தாள், அதே மஞ்சள் புடவை நிறம் வெளுத்துப் போயிருந்தது. என்னோடு வந்துவிடு, எனக்குக் கிடைப்பதில் மூன்று பேரும் சாப்பிடலாம் என்றேன். கையைப் பிடித்து இழுத்தேன், திட்டினேன், கெஞ்சினேன். வரமாட்டேன் என்றுவிட்டாள். உண்டியலில் சேர வேண்டியது தெருவில் கொட்டிப்போனதால்தான் செல்லம் தன் கைக்கு வரவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வேண்டுதலை முடித்தால் பிள்ளை வந்துவிடும். அதற்காக மறுபடி ஏந்த வந்தவள்தான். “ஒவ்வொரு நாளும் சாமிக்குன்னுதாங்க்கா உக்கார்றேன். சாயந்தரம் ஆனா பசிக்குது. அதுல எடுத்துத் தின்னுடுறேன். மறுநா திரும்ப மொதல்ல இருந்து. இப்ப எது சாமிக்கு, எது எனக்குன்னு பிரிக்கவே தெரியலக்கா” என்றாள். சொல்லும்போது அழவில்லை, என்னிடம் வழி கேட்பது போலத்தான் கேட்டாள். நான் வாங்கிப்போன இட்லியைச் சாப்பிடு என்றேன். இது நீ குடுத்ததா, இல்ல பிச்சையா என்று கேட்டுவிட்டு, நான் குடுத்ததுதான் என்று சொன்ன பிறகே சாப்பிட்டாள்.

அடுத்த முறை போனபோது அவள் இல்லை. மழைக்காலத்தில் மடத்துத் தாழ்வாரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றார்கள். குழந்தைகள் விடுதிக்குப் போய்ச் செல்லத்தைக் கேட்டேன். மெட்ராஸில் வேறொரு விடுதிக்கு மாற்றிவிட்டார்கள், நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்கள். உறவு என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அவளுக்கு இப்போது முப்பது வயது இருக்கும். எங்கேயாவது நன்றாக இருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

உன் உத்தியோகத்தைப் பற்றி உனக்குச் சொல்லித்தர எனக்கு என்ன தெரியும்? மானியம் தப்பானவர்களிடம் போய்விடக் கூடாது என்று நீ கவலைப்படுவது சரிதான். ஏமாற்றுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள், வரிசையில் இருந்தவள் எனக்குத் தெரியாதா? ஆனால் ஒன்று சொல்கிறேன். மனுஷனை வரிசையிலிருந்து எழுப்பி வேலையில் உட்கார வைக்கத்தான் அந்த மானியம். எழுந்த பிறகும் அவனைப் பிச்சைக்காரன் என்றே நீ கூப்பிட்டால், கொடுத்த மானியம் என்னத்துக்கு? மாரிமுத்துவைக் கூப்பிடு. நிற்கவைத்துக் கேட்காதே, ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேள். என்ன வேண்டினான், யாருக்காக வேண்டினான், துண்டில் விழுந்தது எங்கே போனது என்று கேள். அவனுக்குப் பிள்ளை இருக்கிறதா என்றுகூட நீ சொல்லவில்லை. அவன் பொய்க்காரனாகவே இருந்தாலும், கேட்டதால் உனக்கு ஒரு மணி நேரம்தான் போகும்.

நாளை இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும். படித்துவிட்டு மனசு மாறிவிடும் என்று சும்மா இருந்துவிட எனக்குத் தைரியம் இல்லை. உன் கோபமும் என் கோபம்தானே. அதனால் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நான் திண்டுக்கல்லுக்கு வருகிறேன். உன் வீட்டுக்கு இல்லை, ஆபீசுக்கு. உன் அம்மா யார், எங்கிருந்து வந்தவள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். பெண் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அது வெளியே வந்தால் உனக்கு எப்படி இருக்கும் என்பதும் தெரியும். ராத்திரி முழுக்க அதையும் யோசித்துத்தான் சொல்கிறேன். பியூன் என்ன விஷயம் என்று கேட்டால் உன் அம்மா என்று சொல்ல மாட்டேன். மானியத்தில் வேலைக்கு வந்தவள், மாரிமுத்து சம்பந்தமாக ஐயாவிடம் பேச வேண்டும் என்று சொல்வேன். அன்றைக்கு எனக்குத் தெருவில் நின்று கத்தத்தான் தெரிந்தது. நீ கூப்பிடும்வரை வராந்தாவில் மற்றவர்களோடு உட்கார்ந்திருப்பேன்.

அம்மா